சாட்ஸ்வொர்த் கிறிஸ்துமஸ் பயணம்: பெயர் கொடுத்துவிடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பேசியபடி இந்த முறை இங்கிலாந்தின் டெர்பிஷரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கே போகலாம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு அறை அறையாக அலங்கரிப்பார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உள்ளே விடுவது நேரம் குறித்த டிக்கெட்டுக்குத்தான், அதனால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் பெரியவர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று இங்கேயே எழுதுங்கள். தனியாக எனக்கு அனுப்பாதீர்கள், போன முறை அதில்தான் குழம்பினேன்.

தோட்டத்தைத் தவறவிடாதீர்கள், எனக்கு வீட்டைவிட அதுதான் பெரிது. 1844இல் ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸ் வருவார் என்று அவசர அவசரமாக ஒரு பெரிய நீரூற்றைக் கட்டினார்கள், மனிதர் கடைசிவரை வரவேயில்லை! அப்புறம், தோட்டத்தில் செடி வளர்க்கக் கட்டியிருந்த பழைய கண்ணாடி மாளிகையை 1920இல் இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில்தான் இப்போது புதர்வேலிப் புதிர்ப்பாதை இருக்கிறது. சின்னவர்களைத் தனியே உள்ளே விட வேண்டாம்.

செம்பில் செய்த வில்லோ மரம் ஒன்றும் உண்டு, கிளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். மாற்றுத்துணி, சேறு மிதிக்கும் பூட்ஸ், தடித்த கோட் கட்டாயம். புளியோதரை நான் கொண்டுவருகிறேன், ஃபிளாஸ்கில் டீ யார்?