பட்டியலின் மேல் பாதிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மூத்த கேப்டன்களுக்கு,

நம் விமான நிறுவனத்தில் விமானிகளைச் சேர்ந்த வரிசைப்படி அடுக்கும் சீனியாரிட்டிப் பட்டியலின் மேல் பாதியில் இருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நானும் அங்கேதான் இருக்கிறேன். நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சங்கம் சொல்லிவிட்டது, அது அதன் பாட்டுக்கு நடக்கட்டும். நமக்குள் பேச வேண்டியதைத்தான் யாரும் வாய் திறந்து பேசக் காணோம்.

நிலவரம் எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் விற்பனை படுத்துவிட்டது. புது ஆளெடுப்பு நின்றுவிட்டது. கையில் நியமனக் கடிதத்தோடு, இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தவர்களிடம் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். பட்டியலின் வாலில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு அனுப்பும் அறிவிப்பு தயாராகிவிட்டது. இதற்கு மாற்றாகச் சங்கம் ஒரு யோசனையை வாக்குக்கு விட்டிருக்கிறது: எல்லோருடைய உத்தரவாத மணி நேரத்தையும் (எவ்வளவு பறந்தாலும் மாதம் இத்தனை மணிக்குச் சம்பளம் உறுதி என்ற அளவு) கொஞ்சம் குறைத்துக்கொள்வது, யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது. க்ரூ அறையில் காதில் விழுகிற பேச்சைப் பார்த்தால் மேல் பாதி இதற்கு எதிராகத்தான் கை தூக்கும் போலிருக்கிறது.

போன வாரம் என்னோடு பறந்தவர் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது வலது நாற்காலியில் உட்காரும் துணை விமானி. நல்ல கை. குறுக்குக் காற்றில் கொஞ்சமும் பதறாமல் இறக்கினார். எஞ்சினை அணைத்து, செக்லிஸ்ட் முடிந்து, பயணிகள் எல்லாம் இறங்கிப் போன பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். ஹெட்செட் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "சார், உங்களைத் திரும்பக் கூப்பிட எவ்வளவு நாள் ஆச்சு?"

"22 மாதம், தம்பி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்பது மட்டும் தெரிந்தது. மெடிக்கல் சான்று எப்போது காலாவதியாகும், டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) எதுவரை வரும், பயிற்சிக்கு வாங்கிய கடனில் எத்தனை தவணை பாக்கி. அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

என்னை வீட்டுக்கு அனுப்பியது 2009இல், வேறு ஒரு நிறுவனத்தில். அந்த ஆண்டு உலகப் பயணிகள் போக்குவரத்து எவ்வளவு சரிந்தது தெரியுமா? விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா கணக்குப்படி 3.5 சதவீதம். அதற்கே நான் 22 மாதம் வெளியே இருந்தேன். 2020இல் சரிவு 65.9 சதவீதம். அந்த வருடத்தோடு ஒப்பிட்டால் 2009 வெறும் தும்மல்தான். ஆனால் பட்டியலின் வாலில் இருப்பவனுக்குத் தும்மலும் புயலும் ஒன்றே. முதலில் பறப்பது அவன் தொப்பிதான்.

அந்த 22 மாதமும் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். பகலில் காக்பிட் படத்தை நிஜ அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காகிதத்தில் இருக்கும் சுவிட்சுகளை வரிசை பிசகாமல் தொட்டுத் தொட்டுப் பழகினேன். நம்மில் பலர் செய்திருப்போம். விரல் மறக்காது என்பது உண்மைதான். ஆனால் திரும்பி வந்து சிமுலேட்டரில் உட்கார்ந்த அன்று முதல் இறக்கத்தில் மூக்கைச் சீக்கிரமே தூக்கிவிட்டேன். ஓடுபாதை இன்னும் கீழே கிடந்தது, வேகம் கரைந்துகொண்டிருந்தது, பயிற்றுநர் என் தோளைத் தட்டிப் படத்தை உறைய வைத்தார். விரல் மறக்கவில்லை, கண் மறந்திருந்தது.

பயணிகளோடு பறக்க முந்தைய 90 நாளில் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம் செய்திருக்க வேண்டும் என்ற விதியை யாரும் சும்மா வைக்கவில்லை. 2020, 2021இல் நீண்ட இடைவெளிக்குப் பிறகு பறக்க வந்தவர்கள், கை வராமல் செய்த பிழைகளைத் தாங்களே முன்வந்து பாதுகாப்பு அறிக்கைகளில் பதிந்தார்கள். பழக்கம் விட்டுப்போனதை ஒரு விமானி தன் கையால் எழுதி ஒப்புக்கொள்வது லேசான காரியமில்லை.

சரி, உங்கள் வாதத்துக்கு வருகிறேன். "நாங்களும் இதையெல்லாம் தாண்டித்தானே வந்தோம், அவர்களும் தாண்டட்டும்" என்பது முதல் வாதம். தாண்டினோம், மறுக்கவில்லை. ஆனால் எப்படி மேலே வந்தோம் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். 2006 கடைசியில் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, பல விமானிகள் இயக்கும் விமானங்களில் கேப்டன்களின் வயது வரம்பை 60லிருந்து 65 ஆக்கியது. அமெரிக்கா 2007 டிசம்பரில் அதையே செய்தது. மேலே இருந்தவர்களுக்கு ஐந்து வருட கேப்டன் சம்பளம் கூடுதலாகக் கிடைத்தது. கீழே இருந்தவர்கள் அதே வலது நாற்காலியில் காத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே 2008 சரிவு வந்தது. ஓய்வு பெற்று யாராவது போயிருந்தால் காலியாகியிருக்கும் இடங்கள் அப்போது இல்லாமல் போயின. நாம் சாமர்த்தியத்தால் மட்டும் மேலே வந்துவிடவில்லை. எந்த வருடம் சேர்ந்தோம் என்பதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு. 2019இல் சேர்ந்தவனுக்கும் 2022இல் சேர்ந்தவனுக்கும் திறமையில் வித்தியாசம் இல்லை, நாட்காட்டியில்தான் வித்தியாசம்.

நம் தொழிலில் இது இன்னும் கொடுமை. ஒரு கணக்காளர் வேலை போனால் அனுபவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார். நாம் சீனியாரிட்டியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். 15,000 மணி நேரம் பறந்த கேப்டனும் புது நிறுவனத்தில் பட்டியலின் கடைசி எண்ணில்தான் தொடங்குவார். நாம் எல்லோரும் இந்தப் பட்டியலை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அந்தப் பயம்தான் காரணம். நான் அந்தப் பட்டியலைக் கலைக்கச் சொல்லவில்லை. ரோஸ்டரும் (பணி அட்டவணை) விடுமுறையும் விமானமும் சீனியாரிட்டிப்படியே இருக்கட்டும். சம்பளப் பட்டியலிலிருந்து ஒரு பெயர் அழிவதை மட்டும் வேறு கணக்கில் பாருங்கள் என்கிறேன்.

கணக்கு என்றதும் ஒன்றைப் போட்டே காட்டிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தில் 600 விமானிகள், ஆளுக்கு மாதம் 80 மணி உத்தரவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை 14 சதவீதம் குறைகிறது. ஒன்று, 84 பேரை அனுப்பலாம். அல்லது எல்லோரும் 69 மணிக்கு இறங்கலாம். மாதம் 11 மணி. அது சின்ன வெட்டு என்று சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் 84 பேருக்கு அது 80லிருந்து பூஜ்யம்.

"கணக்கு அவ்வளவு நேர் கிடையாது, ஒவ்வொரு தலைக்கும் காப்பீடு, சிமுலேட்டர், மெடிக்கல் என்று தனிச் செலவு இருக்கிறதே" என்று நிதிப் பிரிவு சொல்லும். வாஸ்தவம். ஆனால் அவர்கள் மேசையில் வராத ஒரு செலவு நமக்குத் தெரியும். பொருளாதாரம் சரிந்தால் பெரும்பாலும் முதலில் அடிபடுவது நெடுந்தூரப் பயணம், அதாவது பெரிய விமானம். பட்டியலின் வாலில் இருப்பவர்கள் பறப்பதோ சின்ன விமானம். வாலை வெட்டினால் சின்ன விமானத்தில் ஆள் குறையும். அந்த இடத்தை நிரப்பப் பெரிய விமானத்து ஃபர்ஸ்ட் ஆபீசர் இறங்கி வர வேண்டும். அவருக்கு டைப் ரேட்டிங், பல வாரப் பயிற்சி. பெரிய விமானத்துக் கேப்டன் சிலர் சின்ன விமானத்துக் கேப்டன் நாற்காலிக்கு வருவார்கள். அங்கே இருந்த கேப்டன் பட்டையைக் கழற்றிவிட்டு வலது பக்கம் போவார், அவருக்கும் பயிற்சி. ஒருவரை வெளியே தள்ளினால் மேலே இரண்டு மூன்று பேர் நாற்காலி மாற வேண்டும். சந்தை எழுந்ததும் இதே ஆட்டம் தலைகீழாக நடக்கும். சிமுலேட்டர் என்னவோ அதே நாலைந்துதான், பயிற்றுநர்களும் அதே ஆட்கள்தான்.

இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை. 2020இல் அமெரிக்க நிறுவனமான டெல்டாவில் மட்டும் 1,800 பேருக்கு மேல் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டே வருடத்தில் அமெரிக்காவில் விமானி கிடைக்காமல் பிராந்திய நிறுவனங்கள் சிறு ஊர்களுக்கான சேவையை வெட்டின. பயிற்சி வரிசை மாதக்கணக்கில் நீண்டது. கதவை மூடுவது ஒரு கடிதத்தில் முடியும், திறப்பதற்கு வருடம் ஆகும்.

மணி நேரத்தைப் பகிர்வதும் புது யோசனை அல்ல. அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் 2020இல் 2,850 விமானிகளை அனுப்பத் திட்டமிட்டது. அங்கே விமானிகள் வாக்களித்து இருக்கிற வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், அந்தக் கடிதங்கள் போகவில்லை. டெல்டாவிலும் உத்தரவாத மணியை 5 சதவீதம் குறைத்துக்கொண்டு 1,700 பேருக்கு மேல் காப்பாற்றினார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸில் 20 சதவீதச் சம்பள வெட்டை ஏற்று, அது படிப்படியாகக் குறையும் என்றும் எழுதி வாங்கினார்கள். அங்கே எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 270 பேர் வேலை போயிற்று. ஆனால் 300 பேரைக் குறைந்த சம்பளத்தில் நிறுவனத்தோடே வைத்துக்கொண்டு, தேவை வந்ததும் முதலில் கூப்பிட ஒரு குழுவாக வைத்தார்கள்.

உங்கள் இரண்டாவது வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் திரும்ப வராது" என்கிறீர்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் நடந்ததை நினைத்தால் எனக்கும் வயிறு கலங்குகிறது. நிறுவனங்கள் வரிசையாகத் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. விமானிகள் சம்பளத்தில் கணிசமான பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு மேலும் யுனைடெட் 2005இல் தன் ஓய்வூதியத் திட்டங்களை அரசின் ஓய்வூதிய உத்தரவாதக் கழகத்தின் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவியது. விட்டுக்கொடுத்த சம்பளத்தை மீட்க அந்தத் தலைமுறைக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. ஆகவே நம்பி விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதி வாங்குங்கள் என்கிறேன். வெட்டுக்கு முடியும் தேதி வேண்டும். போக்குவரத்து இன்ன அளவுக்குத் திரும்பினால் தேதிக்குக் காத்திராமல் மணி நேரமும் திரும்ப வேண்டும். வெட்டு இருக்கும்வரை வெளியிலிருந்து விமானத்தைக் க்ரூவோடு வாடகைக்கு எடுக்கக் கூடாது. ஓய்வூதியக் கணக்கு பழைய சம்பளத்தின் மேலேயே நடக்க வேண்டும். இது ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களில் பலருக்கு முக்கியம், எனக்கும்தான். அப்புறம், வேலை இல்லாத காலத்துக்குப் பயிற்சி பாண்டை (இத்தனை வருடம் வேலை பார்க்காவிட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவேன் என்ற ஒப்பந்தம்) காட்டிப் பணம் கேட்கக் கூடாது. அவர்களே வெளியே தள்ளிவிட்டு, ஏன் போனாய் என்று அபராதம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

நியமனக் கடிதத்தோடு நிற்பவர்களைப் பற்றிச் சங்கத்தின் யோசனையில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் இன்னும் உறுப்பினர் இல்லை என்பது காரணமாம். இந்தத் தொழிலுக்கு அவர்களை அழைத்தது யார்? 2019இல் போயிங் வெளியிட்ட கணிப்பு அடுத்த 20 ஆண்டில் 8 லட்சத்துக்கும் மேல் புது விமானிகள் தேவை என்றது. பறப்புப் பள்ளிகள் அதை விளம்பரப் பலகையில் ஏற்றின, நாமும் பிள்ளைகளிடம் 'வா, வேலை நிச்சயம்' என்றோம். ஒரு வருடம் முடிவதற்குள் உலகில் சுமார் 16,000 விமானங்கள் தரையில் நின்றன. 20 ஆண்டுக் கணிப்பு பொய்யாகாமலேயே போகலாம். ஆனால் கடன் தவணை மாதா மாதம் வருகிறது. ஒரு நிச்சயமான சேரும் வரிசையாவது அவர்களுக்கு எழுத்தில் கொடுக்கச் சொல்லிச் சங்கம் கேட்க வேண்டும். பட்டியலில் எண் கிடைத்தால் போதும், காத்திருக்க அவர்களுக்குத் தெரியும்.

வாக்கெடுப்பு வரும் வெள்ளிக்கிழமை மூடுகிறது. நான் சம்மதம் என்று போட்டுவிட்டேன். மேலே சொன்ன நிபந்தனைகள் இல்லாத ஒப்பந்தம் வந்தால் அதை எதிர்த்துப் பேசுகிற முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன். என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம், ரோஸ்டர் பலகையில் நான் எங்கே இருப்பேன் என்று இருக்கிறது.

ஒரு வேண்டுகோள், வாக்கு எப்படிப் போனாலும். நம் சிமுலேட்டர் இரவு 2 மணியிலிருந்து 6 மணிவரை பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது. பயிற்சி மேலாளரிடம் கேட்டுவிட்டேன். உரிமம் உள்ள பயிற்றுநர் ஒருவர் கூட இருந்தால் திறந்துவிடத் தயார் என்கிறார். வீட்டுக்குப் போகிறவர்கள் கை விட்டுப்போகாமல் இருக்க மாதம் ஒரு இரவு போதும். எட்டுப் பயிற்றுநர்கள் தேவை. இதுவரை மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில், காபி மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பட்டியலில் உங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கேப்டன்