பேக்போர்ட் வேலையில் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கெர்னல் 5.10-ஐ அடித்தளமாக வைத்து நாங்கள் பராமரிக்கும் டவுன்ஸ்ட்ரீம் கிளையில் (மூலத் திட்டத்திலிருந்து பிரித்து வைத்திருக்கும் எங்கள் பிரதியில்), எங்களுக்குத் தேவைப்பட்ட நெட்வொர்க் டிரைவர் திருத்தங்கள் எல்லாம் பேக்போர்ட் ஆகி, அதாவது புதிய கெர்னலிலிருந்து பழையதற்கு வந்து, சேர்ந்துவிட்டன. கை கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, அப்ஸ்ட்ரீமில், அதாவது மூலத் திட்டத்தில், கமிட் (பதிவாகும் ஒரு மாற்றம்) செய்தியைப் பொறுப்பாக எழுதியவர்களுக்கு. பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று, அந்தக் கமிட்டின் அடையாளமான ஹாஷின் முதல் 12 எழுத்துகளோடு ‘ஃபிக்ஸஸ்’ வரியில் குறித்திருந்தீர்கள். எங்கள் பழைய கிளையில் அந்தப் பிழை இருக்கிறதா, திருத்தம் வேண்டுமா என்பதை அந்த ஒரு வரியை வைத்தே முடிவு செய்தோம். என்ன மாறியது என்பதை டிஃப் காட்டிவிடும். ஏன் மாற்றினீர்கள் என்பது நீங்கள் எழுதிவைத்தால்தான் தெரியும்.

ஒரு பேட்சை (திருத்தத்தை)ப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கமிட்டை மட்டும் எடுத்து எங்கள் கிளையில் ஒட்டியபோது (செர்ரி-பிக்) கான்ஃப்ளிக்ட், அதாவது வரிகளின் மோதல், வரவில்லை, கம்பைலும் ஆனது. மெயின்லைனோடு (அப்ஸ்ட்ரீமின் முதன்மைக் கிளையோடு) ஒப்பிட்டு ரிவ்யூ செய்த நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மெயின்லைன்ல இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுற இடத்துலயே லாக் எடுத்துடுறாங்க. 5.10-ல யாரு எடுக்குறாங்க?” தேடிப் பார்த்தால், ஒரே தரவை ஒரே நேரத்தில் இருவர் மாற்றிவிடாமல் காக்கும் அந்த லாக்கை யாரும் எடுக்கவில்லை. இடையில் வந்த வேறொரு கமிட்தான் அந்த லாக்கைச் சேர்த்திருந்தது. அதை முதலில் கொண்டுவந்து, அதன்மேல் இதை வைத்த பிறகே திருத்தம் சரியாக உட்கார்ந்தது. கான்ஃப்ளிக்ட் வந்தால் கிட் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) நிறுத்திச் சொல்லிவிடும். சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும் பேட்சுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். இரண்டு கிளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்த அந்தப் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது!

பழைய நெட்வொர்க் கார்டுகளைத் தேடியெடுத்து, பூட் செய்து, டிமெசேஜ் (கெர்னல் செய்தி) பதிவுகளை முழுசாக அனுப்பியவர்களுக்கும், ஒருமுறை தீர்த்த விதத்தை நினைவில் வைக்கும் கிட்டின் ரெரெரெவை ஆன் செய்துவைக்கச் சொன்னவருக்கும் நன்றி. ஒரே கான்ஃப்ளிக்ட்டைத் திரும்பத் திரும்பத் தீர்க்கும் சலிப்பு அதோடு போயிற்று.

எங்கள் கிளையில் மட்டும் கிடந்த ஒரு திருத்தத்தை மெயின்லைனில் ஏற்றுக்கொண்ட மெயின்டெய்னருக்குத் தனி நன்றி. ஸ்டேபிளுக்கு (வெளியான கெர்னல்களுக்குத் திருத்தம் சேர்க்கும் கிளைகளுக்கு)ப் போக வேண்டுமானால் முதலில் மெயின்லைனில் சேர வேண்டும் என்பது விதி. சுருக்கி எழுதுங்கள், இரண்டாகப் பிரியுங்கள் என்று கூடவே இருந்து வழிகாட்டினீர்கள். அடுத்த கெர்னலுக்கு மாறும்போது அந்தப் பேட்சை நாங்கள் சுமந்துபோக வேண்டியதில்லை. மீதமிருக்கும் எங்கள் பேட்ச்களையும் இதே முறையில் பிரித்து அனுப்பத் தொடங்கிவிட்டோம். அவற்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கிளைப் பராமரிப்புக் குழு சார்பில்