தனுஷ்கோடிக்கு என்னை அழைத்துச் சென்ற பேத்திக்கு

மயிலாடுதுறை,
ஆகஸ்ட் 24, 2025

அன்புள்ள கண்ணம்மா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு நம் ஊர் ரயில் நிலையத்தில் என்னைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, பையையும் கைத்தடியையும் எதிர்வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மறுபடி பெட்டியில் ஏறும்போது, "அம்மாச்சி, சனிக்கிழமை உங்களை அறையிலேயே விட்டுவிட்டுப் போனோமே, மன்னிச்சிடுங்க" என்றாய். நான் வாயெடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஒரு வாரமாக அந்தப் பதில் என்னிடமே தங்கியிருக்கிறது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியது நீளமானது. நடுவில் யாரும் குறுக்கிடாமல் சொல்லி முடிக்கக் கடிதமே எனக்கு ஏற்றது.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை, மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி, அதற்கடுத்த நாள் ஞாயிறு என்று ராமேஸ்வரப் பயணத்துக்கு மே மாதமே கணக்குப் போட்டு வைத்து, முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கும் என்பதால் ஜூன் நடுவில் காலை எட்டு மணிக்கே கணினியின் முன் உட்கார்ந்து, ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் சேர்க்க முடியாதென்று ஒன்பது பேரை இரண்டாகப் பிரித்து, எனக்குக் கீழ்ப்படுக்கை உறுதியான பிறகுதான் உன் அம்மாவிடம் விஷயத்தையே சொன்னாயாம். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியதோடு சரி, இன்றுவரை திருப்பித் தரவில்லை. என் வயதில் தனி வருமானம் இல்லாதவர்களுக்கு அது பெரிய இழப்பு என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. என் டிக்கெட்டுக்கான பணத்தை நீ உன் சம்பளத்திலிருந்து கொடுத்தாய் என்பது எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை இரவு தாம்பரம் வண்டி நம் ஊருக்குள் நுழைந்தபோது, வாசற்படியில் உன் பெரிய மாமா பிள்ளைகள் "அப்பாயி" என்று கூவ, பின்னாலிருந்து உன் தம்பி "அம்மாச்சி" என்று கூவ, நடைமேடையில் நின்ற எனக்கு அந்த இரண்டு பெயரும் ஒரே வாயிலிருந்து வந்ததுபோல் கேட்டது. தாத்தா போன பிறகு இந்த ஆறு வருடத்தில், நீங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைக் கூப்பிட்டது அன்றுதான். சமைக்க வேண்டாம் என்று உன் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இருந்தாலும் புளியோதரையும் மோர்மிளகாயும் கொண்டுவந்தேன். பத்தரை மணிக்கு மேல் உட்கார்ந்து எல்லோரும் அதைச் சாப்பிட்டீர்கள்.

விடியும் முன் வண்டி பாம்பனை அடைந்துவிட்டதால் பாலத்தைப் பார்க்க முடியவில்லை என்று பிள்ளைகளுக்கு வருத்தம். எனக்கு அந்த இருட்டே போதுமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாமல், காற்றில் மட்டும் உப்பு ஏறிக்கொண்டே வந்தது. அப்போது உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல நினைத்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் எல்லோரும் அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டுக் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடப் போனீர்கள். ஈரத் தரையில் என் முழங்கால் வழுக்கும் என்று என்னைப் பிராகாரத்தில் உட்கார வைத்தது சரியான முடிவுதான். 1989-இல் தாத்தாவோடு வந்தபோது நான் இருபத்திரண்டிலும் குளித்தவள். இந்த முறை குளிக்கவில்லையே என்ற குறை எனக்குச் சிறிதும் இல்லை. 1212 தூண்கள் என்று சொல்லும் அந்த மூன்றாம் பிராகாரத்தில் ஒரு தூணில் சாய்ந்து, தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்டக் கிணற்றுக்குக் கிணறு ஓடும் நூற்றுக்கணக்கான குடும்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ மொழிகள் காதில் விழுந்தன. வாளி நீர் தலையில் விழும்போது எல்லா மொழிக்காரர்களும் ஒரே மாதிரிதான் மூச்சை இழுக்கிறார்கள்.

பெங்களூரிலிருந்து காரில் வந்த உன் சின்ன மாமா, விடுமுறை நெரிசலில் சிக்கி, எல்லோரும் குளித்து உடை மாற்றிய பிறகுதான் வந்து சேர்ந்தான். தான் தாமதமாக வந்ததற்கு அவன் முகம் வாடியிருந்தது. அப்போது நான் பிள்ளைகளுக்கு அந்தத் தலத்தின் கதையைச் சொன்னேன். லிங்கம் கொண்டுவரக் கயிலைக்குப் போன அனுமன் வரத் தாமதமானதால், நல்ல நேரம் தவறிவிடக் கூடாதென்று சீதை மணலில் லிங்கம் பிடிக்க, ராமர் அதை வழிபட்டுவிட்டார். பிறகு வந்து மனம் வருந்திய அனுமனைத் தேற்றுவதற்காக, அவர் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூஜை என்று ராமர் சொன்னாராம். இன்றும் அங்கே அப்படித்தான் நடக்கிறது. அன்று மதியம் சாப்பாட்டுக் கடையில் முதல் இலையைச் சின்னவன் முன் போடச் சொன்னது அதனால்தான்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் வேன் வந்தது. தனுஷ்கோடியில் வெயிலும் மணலும் தாங்காது, அம்மா அறையில் ஓய்வெடுக்கட்டும் என்று உன் பெரிய மாமா சொன்னான். உன் அம்மா தலையசைத்தாள். இரவு முழுவதும் இருமிய சின்னவன் குழந்தையும் என்னோடு இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பேச்சு முழுவதும் என் எதிரில்தான் நடந்தது. யாரும் என் பக்கம் திரும்பி, "உனக்கு வர விருப்பமா?" என்று கேட்கவில்லை. நானும், "வருகிறேன்" என்று சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்கள் மேல் மட்டும் குற்றம் சொன்னால் அது உண்மையாகாது. வீட்டில் மற்றவர்கள் முடிவெடுத்த பிறகு சரி என்று சொல்லியே ஐம்பது வருடம் வாழ்ந்துவிட்டேன். அந்தப் பழக்கம் அன்றும் என் வாயை அடைத்துவிட்டது.

அந்த நாள் வீணாகவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பையில் கொஞ்சம் அரிசி மாவு வைத்திருந்தேன். நீரில் கரைத்து, குழந்தையின் கைமுட்டியை அதில் தோய்த்து, அறை வாசலிலிருந்து கட்டில்வரை கிருஷ்ணர் பாதம் பதித்தோம். ஒவ்வொரு பாதத்துக்கும் ஐந்து விரல் வைக்கும்போது அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணி, மூன்றிலிருந்து நேராக ஐந்துக்குத் தாவினான். அவலும் வெண்ணெயும் அறைப் பையன் வாங்கித் தந்தான். மாலையில் நீங்கள் சிப்பிகளோடு வந்து அந்தப் பாதங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

பிள்ளைகள் சிப்பியைக் கொட்டிக் காட்டியபோதுதான், "அங்கே மாதா கோயில் சுவர் இன்னும் நிற்கிறதா? கப்பல் நின்ற துறை இருந்த இடம் தெரிகிறதா?" என்று கேட்டேன். மற்றவர்கள் ஏதோ சொன்னார்கள். நீ மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். இரவு எல்லோரும் படுத்த பிறகு பக்கத்தில் வந்து, "அம்மாச்சி, உங்களுக்கு அந்த இடத்தை எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். அன்று பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1962-இல், என் அம்மாவின் தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் சென்னையில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கேயே கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு போய்விடலாம். மாயவரம் சந்திப்பில் அவரை வழியனுப்பப் போனோம். இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல்கள் ஓடுகின்றன என்றும், அடுத்த முறை வரும்போது என்னைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போய்க் கப்பல் காட்டுவதாகவும் சொன்னார். நான் அதை நம்பி ஒவ்வொரு விடுமுறைக்கும் காத்திருந்தேன். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலை, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோய்விட்டது. ஊரும் போயிற்று, இனி அங்கே மக்கள் வாழத் தகாது என்று அரசு அறிவித்தது. மாமா அந்த ரயிலில் இல்லை, கொழும்பில் பத்திரமாக இருக்கிறார் என்று கடிதம் வரும்வரை என் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பல வருடம் கழித்து மாமா ராமேஸ்வரம் வழியாகத் திரும்பி வந்தார். கப்பலைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. 1989-இல் வந்தபோது, அதற்கு முந்தைய ஆண்டுதான் திறந்த சாலைப்பாலத்தின் வழியாகச் சுற்றுலாப் பேருந்தில் வந்தோம். தனுஷ்கோடிக்கு அப்போது சாலை கிடையாது, மணலில் ஜீப்பில்தான் போக வேண்டும், நேரமில்லை என்று தாத்தா சொன்னார். அன்றும் சரி என்றேன்.

இதைக் கேட்டுவிட்டு நீ யாரையும் எழுப்பவில்லை. ஞாயிறு காலை ஒரு ஆட்டோவைப் பேசிவைத்து, என்னை மெதுவாகப் படியிறக்கி, சோதனைச் சாவடியைத் திறந்துவிட்டதும் முதல் வண்டிகளில் ஒன்றாகப் போனோம். 2017-இல், நிலம் முடியும் அரிச்சல்முனைவரை போட்டு முடித்த அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் கடல் வந்தபோது, ஆட்டோ ஓட்டிய தம்பி, தெற்கே இரைவது ஆண்கடல், வடக்கே அடங்கிக் கிடப்பது பெண்கடல் என்றும், ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று திரும்பினால் வடக்குக் கடல் இரையத் தொடங்கிவிடும் என்றும் சொன்னது நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் அலை அறைந்துகொண்டிருக்க, மறுபக்கம் குளம்போல் நீர் கிடந்தது. பவளப்பாறைக் கல்லில் கட்டிய மாதா கோயில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். தேய்ந்த கல்லில் சின்னச் சின்னத் துளைகள். பக்கத்துக் குடிசையில் ஒரு அம்மா வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். வாழத் தகாது என்று எழுதிவைத்த இடத்தில் அந்த மக்கள் குடிநீருக்கும் வெளிச்சத்துக்கும் பாடுபட்டபடி இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

அரிச்சல்முனையில் நீ என் கையைப் பிடித்திருந்தாய். கப்பல் இல்லை, துறை இல்லை, தலைமன்னாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் அழுததைப் பார்த்து நீ பயந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அது துக்கமில்லை, கண்ணம்மா. அறுபது வருடத்துக்கு முன் ஒருவர் கொடுத்த வாக்கை, அவரை ஒருநாளும் பார்த்திராத நீ வந்து நிறைவேற்றினாய். அதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நாம் திரும்பியபோது உன் பெரிய மாமா வாசலில் நின்றிருந்தான். "சொல்லியிருக்கலாமே அம்மா" என்று மட்டும் கேட்டான். அதற்கு மேல் அவனைக் கேள்வி கேட்காதே. அவன் வருந்தியது முகத்திலேயே தெரிந்தது. பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்தில் நின்றபோது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காததால் ஓடும் வண்டியிலிருந்து எறியும் செய்தித்தாள் கட்டுகளைச் சிறுவன் கலாம் எடுத்துக் கொடுத்துச் சம்பாதித்த கதையை நான் அவன் மகனுக்குச் சொன்னேன். அந்த ரயிலும் தனுஷ்கோடிக்குப் போன ரயில்தான் என்று தெரிந்ததும் பையன் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை.

மாலை வண்டியில் வெளிச்சத்தில் பாலம் கடந்தோம். 1914-இல் திறந்த பழைய பாலம் பக்கத்திலேயே நிற்க, புதிய பாலத்தில் கப்பலுக்காக அப்படியே மேலே தூக்கும் 72.5 மீட்டர் இரும்புப் பகுதியைப் பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகராமல் பார்த்தார்கள். புயலில் உடைந்த பழைய பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சீராக்கியதைப் பெரியவன் விவரித்துக்கொண்டிருந்தான். நான் கடலைப் பார்த்துக்கொண்டு வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே உன் மன்னிப்புக்கு என் பதில் இதுதான்: நீ கேட்க வேண்டியதைக் கேட்டாய், நான் சொல்ல வேண்டியதை இனிச் சொல்வேன். இதோ, இப்போதே ஒன்று சொல்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கினார்களே, அதில் ஏற விரும்புகிறேன். நாகப்பட்டினம் நமக்குப் பக்கம்தான். எனக்குக் கடவுச்சீட்டு கிடையாது; விண்ணப்பிக்க என்னென்ன ஆவணம் வேண்டும் என்று பார்த்து எழுது. என் பழைய பள்ளிச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். அதில் பிறந்த தேதி தெளிவாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் அம்மாச்சி