தரங்கம்பாடி ரயிலை மறந்துவிட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் தரங்கம்பாடி கட்டுரை படித்தேன். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, அவருடைய அச்சுக்கூடம், 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றது என எல்லாம் இருந்தது. அறுபது வருஷம் அந்த ஊருக்கு ரயில் ஓடியதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. தில்லையாடிக்காரனான எனக்கு அது உறுத்தியது.

1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் கப்பல் வியாபாரம் அந்தப் பக்கம் போய்விட, தரங்கம்பாடி படுத்துவிட்டது. இந்த ஊருக்கு ரயில் கிடைத்தது 1926-இல்தான். மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) ஜங்ஷனில் கிளம்பி மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று நின்று வரும் மீட்டர்கேஜ் வண்டி. மொத்தமே முப்பது கிலோமீட்டர். (தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று உயிர்விட்ட வள்ளியம்மையின் ஊரான தில்லையாடியைப் பார்க்க 1915-இல் காந்தி வந்தபோது இந்தப் பாதையே கிடையாது. ரயிலில் வந்து இறங்கினார் என்று எங்கள் ஊரில் சிலர் அடித்துச் சொல்வார்கள், நம்பாதீர்கள்.)

எங்களைப் போன்ற சின்ன ஊர்களுக்கு அந்த வண்டிதான் கடிகாரம். காலை வண்டியில் கருவாட்டுக் கூடைகளோடு பெண்கள் ஏறுவார்கள். அந்தப் பெட்டியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், மன்னம்பந்தல் கல்லூரிக்குப் போகிற பையன்களைத் தவிர. முகூர்த்த நாளென்றால் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம். பட்டுப்புடவையும் கருவாட்டுக் கூடையும் ஒரே பெட்டியில் மாட்டிக்கொண்டால் நடக்கிற சண்டையைக் கேட்க வேண்டும்! டிக்கெட் கெட்டியான சின்ன அட்டை. இரும்பு மெஷினில் சொருகி இழுத்தால் ‘டக்’கென்று தேதி விழும். அந்தச் சத்தத்துக்காகவே ஜன்னலோரம் நிற்போம்.

நஷ்டம் என்று 1986-இல் மூடிவிட்டார்கள். டிக்கெட் வாங்காமல் ஏறினவர்களும் உண்டு, அதை மறைக்கவில்லை. பஸ்ஸும் பெருகிவிட்டது. சரி, அன்றைய கணக்குக்கு அது நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் பக்கத்தில் பேரளம்–காரைக்கால் பாதையும் எண்பதுகளில் நின்றுபோனதுதான். அதை இப்போது அகலப்பாதையாகத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமாகிவிட்டது. செம்பனார்கோயிலிலிருந்தும் ஆக்கூரிலிருந்தும் ஆபீஸ், ஆஸ்பத்திரி, கல்லூரி எதற்கும் அங்கேதான் போகிறோம். திருக்கடையூருக்கு வருகிற கார்களை எண்ணினாலே ரயிலுக்கு ஆள் உண்டா என்பது தெரிந்துவிடும்.

ரயில் உடனே வரும் என்று நான் கனவு காணவில்லை. எனக்குப் பயமெல்லாம் நிலத்தைப் பற்றித்தான். தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு மேடு மட்டும் மிச்சம். சில இடங்களில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, சில இடங்களில் வரப்பு அதை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கிறது. ரயில்வேக்குச் சொந்தமான இடம் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, கல் நட்டு, விவரத்தை வெளியிட வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. இன்றைக்கு இதைச் செய்யாமல் விட்டால், நாளைக்குப் பாதை போட முடிவெடுத்தாலும் பாதி நிலத்தை விலைகொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். உங்கள் நிருபர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால் இந்தக் கேள்வியை உரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பயணி,
தில்லையாடி.