பெருமை இயக்குநருக்கு, பழி நடிகருக்கா?

மதுரை

அன்புள்ள நண்பர் கணேசன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மீண்டும் படிக்கவும் எழுதவும் தொடங்கிவிட்டீர்கள் என்பதில் மிக்க மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம். பேறுகாலத்துக்காக மகள் வந்திருப்பதால் வீடு நிறைந்திருக்கிறது.

ரஜினிகாந்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவரிடம் இருப்பது வேகமும் ஈர்ப்பும்தான், நடிப்பு என்று சொல்லத்தக்கது 'முள்ளும் மலரும்' போன்ற ஓரிரு படங்களில்தான் உண்டு, அதுவும் அதன் இயக்குநர் மகேந்திரன் அவரிடமிருந்து வாங்கியது என்று விமர்சகர்கள் பலர் நெடுங்காலமாகச் சொல்லிவருவதை நீங்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். நன்றாக அமைந்தால் பெருமை இயக்குநருக்கு, மிகையாகிப்போனால் பழி நடிகருக்கு என்ற இந்தத் தீர்ப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை.

1979-இல் வந்த 'ஆறிலிருந்து அறுபது வரை' படத்தை எண்ணிப் பாருங்கள். உடன்பிறந்தவர்களை ஆளாக்கிவிட்டு, அவர்களாலேயே புறக்கணிக்கப்படும் சந்தானமாக, வயது ஏற ஏறக் குரலும் நடையும் தளர்ந்துகொண்டே வரும் மனிதராக அவர் நடித்திருக்கிறார். அந்தப் படத்தை இயக்கிய எஸ்.பி. முத்துராமன்தான் அடுத்த ஆண்டே 'முரட்டுக்காளை'யையும் எடுத்தார். நடிகர்களைச் செதுக்கியவர் என்று விமர்சகர்கள் முத்துராமனைக் கொண்டாடியதாக எனக்கு நினைவில்லை. அப்படியானால் சந்தானத்தை யார் கணக்கில் வைப்பது?

'முள்ளும் மலரும்' படத்துக்கே வருகிறேன். கை வீச்சும் விரல் அசைவும்தான் ரஜினி என்று சொல்கிறார்கள் அல்லவா? அந்தப் படத்தின் பிற்பகுதியில் அவர் ஏற்ற விஞ்ச் (இழுவை இயந்திரம்) ஆபரேட்டர் காளிக்கு ஒரு கையே இல்லை. ஊரும் மனைவியும்கூட மறுபக்கம் போய்விட்ட நிலையில், தங்கை மட்டும் தன்னிடம் ஓடி வந்துவிட்டாள் என்ற பெருமிதம் முகத்தில் எழ, அவளை மணக்க இருந்த, தான் இன்னும் விரும்பாத எஞ்சினியரிடமே அவளைத் தானாக ஒப்படைக்கிறானே, அங்கே ஆணவமும் பாசமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கின்றன. அந்தச் சூழலை அமைத்தவர் மகேந்திரன் என்பதில் ஐயமில்லை. ஆனால் தோற்றவனுக்குரிய பணிவு ஒரு துளிகூட இல்லாமல் அந்த இடத்தைக் கடந்தது நடிகரின் தேர்ச்சி.

'ஜானி'யில் (1980) ஸ்ரீதேவி ஏற்ற பாடகி அர்ச்சனா தன் காதலைச் சொல்லும் காட்சி எனக்கு இதைவிடவும் பெரியது. ரஜினி ஏற்ற ஜானி தயங்குகிறான், தான் மேடையில் பாடுகிறவள் என்பதால்தான் தயங்குகிறான் என்று அவள் தவறாக எண்ணிக்கொள்கிறாள். அப்போது ரஜினி பதறும் பதற்றத்தில் எந்த அலங்காரமும் இல்லை. எதிரில் இருப்பவர் பேசுவதை உண்மையாகவே கேட்டு, அதனால் காயப்படும் ஒரு மனிதன்தான் தெரிகிறான்.

நகைச்சுவையில் நம் விமர்சகர்களின் கருமித்தனம் இன்னும் அதிகம். 'தில்லு முல்லு' (1981) படத்தில் தேங்காய் சீனிவாசனுக்கு ஈடுகொடுத்து, மீசை உள்ளவனாகவும் இல்லாதவனாகவும் நொடியில் மாறும் அந்தச் சாமர்த்தியத்தை, அழும் காட்சி ஒன்றுக்குத் தரும் மதிப்பில் பாதியையாவது தந்து எழுதியிருக்கலாம்.

பிற்காலப் படங்கள் பலவற்றில் கதையே அவருடைய பிம்பத்தைச் சுற்றிப் பின்னப்பட்டது உண்மைதான். அவற்றை ஒப்புக்கொண்டவர் அவரே என்பதால் அந்தக் குறையில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் அவற்றை வைத்து முந்தைய வேலையைக் குறைத்து மதிப்பிடுவது வேறு விஷயம். 'முள்ளும் மலரும்' படத்துக்காகத் தமிழக அரசு சிறப்புப் பரிசு தந்தது. சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறைகூட வரவில்லை. 2021-இல் தாதாசாகேப் பால்கே விருது வந்தபோது, அது மொத்தத் திரைவாழ்வுக்கான மரியாதையாகவே அமைந்தது.

கண் நன்றாகத் தேறியதும் 'ஜானி'யை மறுபடி பாருங்கள். அதே படத்தில் முடி திருத்துபவராக வரும் வித்யாசாகரையும் ஜானியையும் ரஜினி எப்படி வேறுபடுத்துகிறார் என்பதைப் பற்றித் தங்கள் கருத்தை விரிவாக எழுத வேண்டும். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

தங்கள் அன்புள்ள,
ராமநாதன்