சொந்தப் படிமம் ஏற்றுவோரிடமிருந்து கிளவுட் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மெய்நிகர் கணினிகளை வாடகைக்குத் தரும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், அங்கே முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் ஆயத்தமாக வைத்திருக்கும் இயங்குதளங்களை விட்டுவிட்டு, பில்ட்ரூட் என்ற கட்டுமானக் கருவி கொண்டு நாங்களே கட்டிய சிறிய லினக்ஸ் படிமத்தை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய வட்டுக் கோப்பை) உங்கள் தளத்தில் ஏற்றி ஓட்டுபவர்கள் நாங்கள். கெர்னல் (இயங்குதளத்தின் கரு), அடிப்படைக் கட்டளைகளை ஒரே நிரலில் தரும் பிஸிபாக்ஸ், தொலைவிலிருந்து நுழைய ஒரு எஸ்எஸ்எச் சேவை, எங்கள் நிரல் ஆகியவற்றைத் தவிர அதில் ஏறக்குறைய எதுவும் இராது. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இப்படிச் செய்வதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் ஏன் இருக்கிறது என்று தெரிந்திருந்தால், புதிய பாதுகாப்புக் குறை ஒன்று அறிவிக்கப்படும் நாளில், அது நம்மைத் தொடுமா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிட முடியும்.

சொந்தப் படிமத்தை ஏற்றலாம் என்ற உங்கள் அறிவிப்பை நம்பியே வருகிறோம். ஆனால் அது எத்தகைய கணினியில் எழப்போகிறது என்பதை உங்களில் பலர் எழுதி வைப்பதில்லை. வட்டு விர்ட்டியோ-பிளாக் வழியாக வருமா, விர்ட்டியோ-ஸ்கஸி வழியாக வருமா, என்விஎம்இ ஆகத் தெரியுமா? (இவை வட்டைக் கணினியோடு இணைக்கும் வெவ்வேறு முறைகள்.) கணினியைத் தொடக்கிவைக்கும் நிலைப்பொருள் பழைய பயாஸா, யுஇஎஃப்ஐயா? வன்பொருளோடு பேசும் இயக்கிகள் எல்லாவற்றையும் சுமந்துவரும் பெரிய லினக்ஸ் விநியோகங்களுக்கு இவை பொருட்டல்ல. வேண்டியதை மட்டும் கெர்னலில் சேர்க்கும் எங்களுக்கு, ஓர் இயக்கி விடுபட்டாலும் கணினி எழாது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் தளத்தில் படிமத்தை ஏற்றினேன். டாஷ்போர்டு 'இயங்குகிறது' என்று பச்சை நிறத்தில் காட்டியது; பிங் செய்தால் பதில் இல்லை. கெர்னல் எழுதும் செய்திகள் வரும் சீரியல் கன்சோலைப் பார்க்க வழி இல்லை. படிமத்தில்தான் கோளாறு என்று உதவிக் குழு எழுதியது. அது உண்மையும்கூட, ஆனால் என்ன கோளாறு என்பதை அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்க இயலவில்லை. மூன்று நாள் ஊகத்திலேயே கழிந்தபின், அவர்களுடைய ஆயத்த இயங்குதளத்தில் வேறொரு கணினியைத் தொடங்கி, கெர்னல் வன்பொருள் விவரங்களைக் காட்டும் சிஸ் (/sys) அடைவைத் துழாவித்தான் வட்டு விர்ட்டியோ-ஸ்கஸி என்று கண்டுகொண்டேன். என் கெர்னலில் இருந்தது விர்ட்டியோ-பிளாக் இயக்கி மட்டுமே. ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை, 'அன்னோன்-பிளாக்(0,0)' என்று முதல் நிமிடத்திலேயே கெர்னல் எழுதிவிட்டுத்தான் நின்றிருக்கும். அந்த இரண்டு சுழியங்களைப் பார்த்திருந்தாலே, கெர்னலின் கண்ணில் ரூட் வட்டே படவில்லை என்பது புரிந்திருக்கும்.

வட்டுச் சிக்கல் தீர்ந்ததும் வலையமைப்பு மறித்தது. வலை முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி கொடுத்த முகவரி /32, அதாவது அந்த ஒரே முகவரி மட்டும் அடங்கிய வலை. நுழைவாயிலோ அந்த வலைக்கு வெளியே இருந்தது. இத்தகைய அமைப்பில் வழித்தடங்களை டிஎச்சிபியின் 121-ஆம் விருப்பத்தேர்வில் அனுப்புவது 2002-இல் வெளியான ஆர்எஃப்சி 3442 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்த முறைதான், அதில் தவறில்லை. ஆனால் பிஸிபாக்ஸின் டிஎச்சிபி நிரலிடம் அதைக் கேட்டுப் பெறும்படி சொல்லி, வரும் வழித்தடங்களைப் பதியும் வரிகள் அதன் ஸ்கிரிப்டில் சரியாக இருக்கின்றனவா என்பதையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கப் பதிவை வட்டில் எழுதவைத்து, அந்த வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்துப் படித்த பிறகே இது தெரிந்தது.

ஆகவே, நீங்கள் தரும் மெய்நிகர் வன்பொருள், தொடக்க முறை, முகவரி வழங்கும் விதம், ஏற்கும் வட்டு வடிவங்கள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, மாறும்போதெல்லாம் தேதியுடன் திருத்துங்கள். முதல் தொடக்கத்தில் கணினியை அமைத்துவைக்கும் கிளவுட்-இனிட் என்ற நிரல் இல்லாத படிமத்தை மறுக்காதீர்கள். அந்த நிரலுக்காகப் பைத்தான் மொழியையே உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கிறது. உங்களில் பலரும் 169.254.169.254 என்ற முகவரியில் தரும் விவரங்களிலிருந்து எஸ்எஸ்எச் சாவியை எடுத்துவைக்கச் சில வரி ஷெல் ஸ்கிரிப்டே போதும். அந்த விவரங்களைத் தர முதலில் டோக்கன் (அனுமதிச் சொல்) கேட்பீர்கள் என்றால் கேளுங்கள், அதைப் பெறும் முறையை எழுதிவைத்தால் பின்பற்றுவோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணினி எழும் முதல் நொடியிலிருந்து சீரியல் கன்சோலில் வருவதை, படிப்பதற்கு மட்டுமாவது, வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். இவற்றுள் ஒன்றை மட்டும்தான் இப்போது செய்ய இயலும் என்றால் இதையே செய்யுங்கள். மற்றவற்றை அந்த வரிகளைப் படித்து நாங்களே கண்டுகொள்வோம்.

இப்படிக்கு,
சிறு லினக்ஸ் படிமங்கள் கட்டும் ஒரு பொறியாளர்