இரண்டு இருக்கைகள்

குன்னூர்,
மார்ச் 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று தந்தி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பியிருந்த சுவிட்சர்லாந்துப் பயணத் திட்டத்தைத் தம்பி அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்து இன்றோடு பதினோரு நாட்கள் ஆகின்றன. தொலைபேசியில் பேசும்போது நீ அவசரப்படுகிறாய், நானும் கேட்க நினைத்ததைக் கேட்காமல் வைத்துவிடுகிறேன் என்பதால், சாவகாசமாகக் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் திட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "மெதுவாகப் போகலாம் அப்பா, ஓர் அவசரமும் இல்லை" என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே 21 நாட்களில் 9 ஊர்களை அடுக்கியிருக்கிறாய். இரண்டு இரவு தங்கி மூன்றாம் நாள் காலையில் பெட்டியைக் கட்டுவதற்குப் பெயர் ஓய்வு அல்ல, டூட்டி. என் கணக்கில் நான்கு ஊர்கள் போதும்: பிரியன்ஸ், ஆண்டர்மாட், பெர்க்யூன், பொஸ்கியாவோ. ஒவ்வொன்றிலும் நான்கு இரவுக்குக் குறையாமல் தங்க வேண்டும். முதல் நாள் அலுப்புத் தீருவதற்குப் போய்விடும். இரண்டாம் நாள் எந்தத் தெரு எங்கே போகிறது என்று தெரியும். மூன்றாம் நாளிலிருந்துதான் அந்த ஊர் நமக்குப் பழகும். நடுவில் ஒரு நாள் முழுக்க மழை பெய்தாலும், போனால் போகிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க முடியும். உனக்கு அப்படி உட்கார்ந்திருக்கும் நாட்கள் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை போகும் அந்தப் புகழ்பெற்ற விரைவு வண்டியில் இடம் பதிவு செய்ய வேண்டாம். எட்டு மணி நேரம் ஒரே இருக்கையில், திறக்க முடியாத கண்ணாடிக்குள் இருந்தபடி, 291 பாலங்களையும் 91 சுரங்கங்களையும் எண்ணிக்கொண்டு போவதில் எனக்கு விருப்பமில்லை. அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டிகள் நாள் முழுக்க ஓடுகின்றன. அவற்றுக்கு முன்பதிவுக் கட்டணமும் இல்லை. பிடித்த நிலையத்தில் இறங்கலாம், ஒரு மணி நேரம் பெஞ்சில் இருந்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். அதேபோல் எனக்கு எடுப்பதாக எழுதியிருக்கிறாயே, அந்த 15 நாள் பயணச்சீட்டு, அது முதல் நாள் தொடங்கிவிட்டால் இடைவிடாமல் கழிந்துகொண்டே இருக்கும். நாம் ஓர் ஊரில் நான்கு நாட்கள் அசையாமல் இருந்தாலும் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். சுற்றுலா வருபவர்களுக்கு ஒரு மாதம் செல்லும் அரைக் கட்டண அட்டை உண்டு என்கிறார்கள். நாம் ஊர் மாறும் நாட்கள் ஐந்தோ ஆறோதான் என்றால் அதுவே மலிவாக முடியும். கணக்குப் போட்டுப் பார்.

பிரியன்ஸை முதலில் வைத்ததற்குக் காரணம் உனக்குத் தெரியும். 1892 முதல் ரோட்ஹார்ன் மலைக்கு நீராவி எஞ்சின் ஏறுகிற ஊர் அது. நான்கு அடிக்கு ஓர் அடி என்ற அந்த ஏற்றத்தை என்னால் மனத்தில்கூட வரைந்துபார்க்க முடியவில்லை. நம் நீலகிரி மலை ரயிலில் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடிக்கு ஓர் அடி ஏறுவதற்கே நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் இரண்டு இடத்திலும் பல் தண்டவாளம் ஒன்றுதான், ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்தது. இரண்டு பல் தண்டுகளை அருகருகே பதித்து, ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வரும்படி வைத்தால், ஒரு பல் விடுபடுவதற்கு முன்பே அடுத்தது பிடித்துக்கொள்ளும். முப்பத்தொரு ஆண்டுகள் ஷெட்டில் அந்தப் பற்சக்கரங்களின் தேய்மானத்தை அளந்தவன் நான். அவை பிறந்த நாட்டில் ஒரு முறையாவது கைவைத்துப் பார்க்க வேண்டும். ஆறு வயதில், எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் அம்மாவோடு வந்து, எக்ஸ் வகுப்பு எஞ்சினின் பித்தளைத் தகட்டில் அதைச் செய்த ஊரின் பெயரை 'வின்டர்தூர்' என்று நீ எழுத்துக்கூட்டிப் படித்தது இன்னும் காதில் இருக்கிறது. அதே வின்டர்தூரில் என் மகள் பொறியாளராக இருக்கிறாள் என்று ஷெட்டில் நான் சொல்லாத ஆள் இல்லை. அந்த எஞ்சின் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது குடியிருப்புகள் எழும்பிவிட்டன என்று நீ எழுதியபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தெருவில் ஒரு முறை என்னை நடத்திக் கூட்டிப்போ.

வீட்டைப் பற்றி எழுதும்போது ஒன்று கேட்க வேண்டும். அழைப்புக் கடிதத்தின் நகலில் உன் முகவரியில் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் மாறியிருக்கின்றன. அது தட்டச்சுப் பிழையா? விசா விண்ணப்பத்தில் முகவரி பிசகினால் சென்னையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் கேட்கிறேன். கடிதத்தில் உன் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. போன முறை நானும் அம்மாவும் வந்தபோது மாப்பிள்ளையும் கையெழுத்திட்டிருந்தார். ஒருவர் கையெழுத்தே போதும் என்றால் சரி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது என்பதைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

பிரியன்ஸிலிருந்து ஆண்டர்மாட் போவதற்கு நீ போட்டிருக்கும் வழியையும் மாற்ற வேண்டும். ஸ்பீட்ஸில் மாறும்போது, 2007இல் திறந்த அந்த 34 கிலோமீட்டர் அடிவாரச் சுரங்கத்தில் புகுந்துபோகும் வண்டியில் ஏறாதே. காண்டர்ஸ்டெக் வழியாகப் பழைய மலைப்பாதையில் போகும் வண்டியைப் பிடி. 1913இல் திறந்த பழைய சுரங்கத்தைத் தாண்டியதும் ரோன் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரியுமாம். வண்டி மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டே பிரிக் வரை இறங்குமாம். நேரம் கூடுதலாகும்தான். நேரத்தைச் செலவழிக்கத்தானே வருகிறேன்.

குளிருக்குத் தக்க உடுப்பு எடுத்துக்கொள். செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்குவது நல்லது: பள்ளி விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும், நீராவி வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த மாதத்திலேயே கணவாய்களில் பனி விழக்கூடும். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓபரால்ப் கணவாய் நிலையம் 2,033 மீட்டர், பெர்னினா 2,253 மீட்டர். இரண்டும் உதகைக்குப் போய்வருகிற உயரம்தான். 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃப்ராவ் நிலையத்தை மட்டும் விட்டுவிடு. இரத்த அழுத்த மாத்திரையோடு அங்கே ஏறி உனக்குத் தொல்லை தர மாட்டேன். நீதான் சிறு வயதிலிருந்தே சளி பிடிக்கிறவள். கம்பளிச் சட்டை குறைந்தது இரண்டு வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றூர்க் கடைகள் மூடியிருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சனிக்கிழமையே ரொட்டியும் தயிரும் வாங்கிவை. நேரத்துக்குச் சாப்பிடு. சென்ற மாதம் தம்பி காட்டிய படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது.

திட்டம் முழுவதும் 'இரண்டு பேர்' என்றே இருக்கிறது. எல்லா விடுதிகளிலும் இரண்டு தனிக் கட்டில்கள், எல்லா வண்டிகளிலும் இரண்டு இருக்கைகள். மாப்பிள்ளைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆண்டர்மாட்டுக்குப் போகும் வழியில் ஓபர்வால்டிலிருந்து ரியால்ப் வரை ஃபுர்கா நீராவி வண்டியில் போக வேண்டும். இதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே. அந்தப் பாதையின் கதையைத் தம்பி கணினியில் தேடி எனக்குப் படித்துக் காட்டினான். அங்கே ஓடிய எஞ்சின்களும் வின்டர்தூரில் செய்தவையே. மின்சாரம் வந்ததும் 1947இல் அவற்றில் சிலவற்றை வியட்நாமுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே தலாத் மலைப்பாதையில் அவை ஓடின, பிறகு ஓடாமல் கிடந்தன. இங்கே ஃபுர்காவில் கீழே புதிய சுரங்கம் வந்ததும் மேலே இருந்த பழைய பாதையையும் கைவிட்டார்கள். அப்புறம் சம்பளம் வாங்காத ஆட்கள் கூடி, மண் சரிந்த பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, 1990இல் வியட்நாமுக்கே போய், புதர் மண்டித் துருப்பிடித்துக் கிடந்த அந்த எஞ்சின்களைக் கப்பலேற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். 2010இல் பாதை முழுவதும் திறந்தது. இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எஞ்சினுக்காக மட்டும் அடைக்கவில்லை.

போன கார்த்திகை தீபத்தன்று இரவு நீ அழைத்தாய். அகல் விளக்குகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். "கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா அப்பா?" என்று கேட்டாய். நீ எப்படி இருக்கிறாய், என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. "மாப்பிள்ளையும் வருகிறாரா?" என்று கேட்டேன். நீ சற்று நேரம் பேசவில்லை. நான் அதோடும் நிற்கவில்லை. எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அனுசரித்துப் போக வேண்டும், ஊரில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்றெல்லாம் சொன்னேன். "சும்மாதான் கேட்டேன் அப்பா" என்று சொல்லிவிட்டு, பொன்மலையில் செய்த புதிய எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கேட்டாய். நானும் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். உன் குரல் அடைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. பாய்லரில் எங்கோ நீராவி கசிகிறது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லக்கூடிய காது இது, பாப்பா. தெரியாமல் பேசவில்லை, தெரிந்தே பேசினேன். கேட்டால் நீ சொல்லிவிடுவாயே, சொன்னால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே என்று பயந்தேன். அம்மா இருந்திருந்தால் அவளுடைய முதல் கேள்வியே வேறாக இருந்திருக்கும். அன்றிலிருந்து நான்கு மாதமாக உன் ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. மகள் மனம்விட்டுப் பேசுவதில்லை என்று அத்தையிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு வாய் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

நீயாகச் சொல்லும்வரை நான் எதையும் கேட்க மாட்டேன். சொன்னால் கேட்டுக்கொள்வேன், அனுசரித்துப் போ என்று இனி என் வாயிலிருந்து வராது.

மீதித் திட்டத்தில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆண்டர்மாட்டில் ஐந்து இரவு இருந்தால், ஒரு நாள் பழைய கோட்ஹார்ட் பாதையில் வாசன் வழியாகப் போய்வரலாம். அங்கே பாதை மலைக்குள் சுருண்டு சுருண்டு ஏறுவதால் ஒரே தேவாலயம் மூன்று உயரங்களில் மூன்று முறை தெரியுமாம். பெர்க்யூனிலிருந்து ப்ரெடா வரையும் அப்படித்தான் சுருள். வண்டியில் மேலே போய், நடந்து கீழே இறங்குவோம், என் முழங்காலுக்கு இறக்கம் மெதுவாக இருந்தால் போதும். பெர்னினாவில் பல் தண்டவாளம் இல்லாமலேயே வண்டி நூற்றுக்கு ஏழு என்ற சரிவில் ஏறி இறங்குகிறது என்பதை என் கண்ணால் பார்க்கும்வரை நான் நம்பப்போவதில்லை. பொஸ்கியாவோவில் இத்தாலிய மொழியாமே; உனக்குத் தெரிந்த ஜெர்மன் அங்கே செல்லுபடியாகாவிட்டால் கையைக் காட்டிப் பேசிக்கொள்ளலாம்.

விடுதிகளில் இரண்டு கட்டில் உள்ள ஒரே அறையாகவே எடு. தனித்தனி அறை வேண்டாம். இரவில் உனக்குப் பேச வேண்டும் என்று தோன்றினால் கதவைத் தட்ட வேண்டியிருக்கக் கூடாது. சரியான முகவரியைத் தம்பிக்கு அனுப்பிவிடு; புதிய முகவரிதான் சரி என்றால் அதையே எழுது, நான் அதையே விண்ணப்பத்தில் போடுகிறேன்.

எனக்குத் திரும்பும் விமான டிக்கெட்டை நீ இன்னும் எடுக்கவில்லை என்று தம்பி சொன்னான். எடுக்கும்போது, கோயம்புத்தூர் வரை இரண்டு இருக்கைகள் வேண்டுமானால் இரண்டாகவே எடு. பணம் என் கணக்கில் இருக்கிறது. காரணம் எதுவும் எழுத வேண்டாம். அத்தையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

கம்பளிச் சட்டையை மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா